மண்ணில்லாமல் கீரை: உரத்தை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மண்ணில்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்க்க (ஹைட்ரோபோனிக்ஸ்) ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் குழாய் ஸ்டாண்டு, மோட்டார், இரண்டு பாட்டில் உரம் என்று தொடங்குகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி. அதைக் கொண்டுபோய் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகுதான், எதை வளர்க்கலாம், வளர்க்கவே முடியுமா என்பதெல்லாம் தெரியும். இங்கே சொல்வதெல்லாம் சென்னை மாதிரி ஊருக்கு, மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ பொருந்தும் கணக்கு. ஊட்டியில் இருப்பவர்களுக்கு இதில் பாதிக் கவலை கிடையாது.

மீட்டர் 200 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்ற கணக்கு) காட்டினால் அப்படியே பயன்படுத்தலாம். 200 முதல் 400 வரை என்றால் சமாளிக்கலாம். 500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் உரத்துக்கு இடமே இல்லை. லெட்டூஸ் என்கிற சாலட் கீரை விரும்பும் மொத்த உப்பே 500லிருந்து 700 பிபிஎம். போர் தண்ணீரே 800 காட்டும்போது அதற்கு மேல் எதைக் கரைப்பது? அந்த 800ல் இருப்பதும் செடிக்கு வேண்டிய சத்து இல்லை. பெரும்பகுதி சோடியம், குளோரைடு, பைகார்பனேட். செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க இவை மட்டும் கரைசல் இருக்கும் பெட்டிக்குள் தேங்கிக்கொண்டே போகும். மூன்றாவது வாரம் இலை ஓரம் கருகத் தொடங்கும், உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஆனால் ஆர்ஓ கருவி வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சேமித்து இதற்கு ஊற்றாதீர்கள், குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். மழைத் தண்ணீர் ரொம்ப நல்லது. வடகிழக்குப் பருவமழையும் லெட்டூஸ் போடும் பருவமும் ஒட்டி வருவது நம்முடைய அதிர்ஷ்டம். முதல் இரண்டு மழையை மாடியைக் கழுவிப் போக விட்டுவிட்டு, அப்புறம் ஒரு டிரம் பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகும், அதில் உப்பு அநேகமாகப் பூஜ்யம். போர் தண்ணீர் 600 என்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆர்ஓ அல்லது மழைத் தண்ணீர் கலந்து 200க்குள் கொண்டுவந்துவிடலாம். குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீரை ஓரிரவு வாய் அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்தால் போதும்.

மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நேரடியாக உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துதிறனை, அதாவது ஈசியை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சிலது 500ஆல் பெருக்கும், சிலது 700ஆல். ஒரே கரைசலை ஒருவர் 700 என்பார், இன்னொருவர் 980 என்பார். இரண்டுமே ஈசி 1.4 தான். இந்தக் கட்டுரையில் வருகிற பிபிஎம் எல்லாம் 500 கணக்கு. யாராவது அளவு சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் இல்லாத பெட்டி

குழாய் ஸ்டாண்டு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதில் வேர் நனைவது மோட்டார் ஓடும் வரைதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போய் மதியம் 2 மணிக்கு வந்தால், மெல்லிய நீரோட்டத்தில் வளரும் செடி ஏப்ரல் வெயிலில் அதற்குள் தலை சாய்ந்திருக்கும். வெயிலில் நிற்கும் பிவிசி குழாய்க்குள் தண்ணீர் சுடும், அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு தொட்டிக்கும் திரும்பும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது வேண்டாம் என்பதே என் கட்சி. 1940களில் டார்ஜிலிங் பக்கத்துக் காளிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆய்வாளர் இந்தியாவுக்கென்று மண்ணில்லா முறையை வகுத்தபோதே, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் சாதாரண வீட்டில் நடக்க வேண்டும் என்பதைத்தான் அடிப்படையாக வைத்தார்.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறைக்கு மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மூடிய பெட்டி நிறையக் கரைசல், மேலே துளையிட்ட மூடி, துளையில் செடி. அவ்வளவுதான். பழக்கடையில் திராட்சை வருகிற தெர்மோகோல் பெட்டி இதற்குப் பொருத்தம், மீன்கடைப் பெட்டி இன்னும் கெட்டி. உள்ளளவு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் இருந்தால் 15 செ.மீ. உயரத்துக்கு 20 லிட்டர் பிடிக்கும். ஒரு லெட்டூஸ் நட்டதிலிருந்து அறுவடை வரை நாலைந்து லிட்டர் குடிக்கும். ஆகவே நான்கு செடி. ஆறு துளை போட இடம் இருக்கிறதே என்று போட்டால் நடுவில் தண்ணீர் தீர்ந்துவிடும்.

பெட்டிக்குள் கறுப்பு பாலிதீன் விரிப்பு போடுங்கள். மூலைகளில் வெட்டக் கூடாது, பரிசுப் பொட்டலம் மாதிரி மடித்து, விளிம்பை வெளிப்பக்கம் கொண்டுவந்து டேப் ஒட்ட வேண்டும். வெட்டின மூலைதான் ஒழுகும். மூடிக்கும் கறுப்பு அடி வேண்டும், ஏனென்றால் வெள்ளைத் தெர்மோகோல் வெளிச்சத்தை உள்ளே விடும். சந்தேகம் இருந்தால் ராத்திரியில் போன் டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். எங்கெல்லாம் ஒளி கசிகிறதோ அங்கெல்லாம் பாசி வரும். வெளிப்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், சூடு தாங்க அதுதான் வழி.

துளைக்கு 2 அங்குல நெட் பாட், அதாவது வலை மாதிரி ஓட்டை உள்ள சின்னத் தொட்டி. கம்பியைக் காய்ச்சித் துளைக்காதீர்கள், தெர்மோகோல் புகை நல்லதல்ல. நெட் பாட் விளிம்பை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி பிளேடால் வெட்டினால் பாட் இறுக்கமாக உட்காரும். அந்த இறுக்கம் முக்கியம். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே இருக்கிற இருட்டு வெளி கொசுவுக்கு அரண்மனை. டெங்கு காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்கு வந்தால் அவர் கண் முதலில் போவது இந்தப் பெட்டிக்குத்தான். காற்றுக்கென்று தனித் துளை வைத்தால் கொசுவலைத் துணி ஒட்டிவிடுங்கள். செடி வைக்காத துளையை வெறுமனே விடாதீர்கள்.

முதல் நாள் தண்ணீர் மட்டம் நெட் பாட்டின் அடியை ஒரு செ.மீ. தொட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் கீழே இறங்கும், மட்டமும் இறங்கும். அந்த இடைவெளியில் தொங்குகிற வேர்கள் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ரோமம் விடும். அவைதான் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் வேர்கள். இந்த முறையில் மோட்டாரின் வேலையைச் செய்வது அந்த இடைவெளிதான். பலர் செடியைக் கொல்வது இங்கே: தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பாசத்தோடு விளிம்பு வரை ஊற்றுகிறார்கள். மூழ்கிய காற்று வேர் மூச்சுத் திணறி, இரண்டே நாளில் செடி வாடி நிற்கும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் அப்போதிருக்கும் மட்டத்துக்கு மேல் இரண்டு செ.மீ.க்குள் நிறுத்துங்கள்.

நாற்று

விதை போடுவதற்கான தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்ததும் பிழிந்து வரும் தண்ணீரில் மீட்டரை வையுங்கள். சில கட்டிகளில் ஆயிரத்துக்கு மேல் காட்டும், தேங்காய் மட்டையின் உப்பு அப்படி. பிழிகிற தண்ணீர் ஊற்றுகிற தண்ணீரின் அளவுக்கு வரும் வரை அலசுங்கள். ‘லோ ஈசி’ என்று கேட்டு வாங்கினாலும் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

முதல் செடியாகப் புதினாவையே சொல்வேன். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு தண்ணீர் டம்ளரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். விதைச் செலவு இல்லை, தப்பு நடந்தாலும் தாங்கும். பாலக்கும் எளிதுதான். ஆனால் அதன் ஒரு ‘விதை’ உண்மையில் பல விதைகள் சேர்ந்த கொத்து. இரண்டு மூன்று முளை வரும், பலமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும். கொத்துமல்லியை இரண்டாக உடைத்து, நெட் பாட்டிலேயே எட்டுப் பத்துப் பருப்பு நேரடியாகப் போட வேண்டும். இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது. சிறுகீரை, அரைக்கீரைக்கு இந்தப் பாடே வேண்டாம். நெருக்கமாகத் தூவும் கீரை, ஒரு மண் தொட்டி போதும், இருபது முப்பது ரூபாய்க்குக் கட்டாகவே கிடைக்கிறது.

லெட்டூஸ் விதை சூட்டில் முளைக்க மறுக்கும். அறை 30 டிகிரி இருந்தால் பத்து விதைக்கு இரண்டு வந்தாலே பெரிது. ஈரத் துணியில் மடித்து டப்பாவில் போட்டு இரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு விதையுங்கள். மூடவே கூடாது, மேலாக அழுத்தினால் போதும், அதற்கு வெளிச்சம் வேண்டும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் நூல் மாதிரி நீண்டு சாயும். நீண்டதைத் திரும்பக் குட்டையாக்க வழியில்லை. மறுபடி விதைப்பதுதான் லாபம். நாலு நிஜ இலை வந்து, நெட் பாட்டுக்கு வெளியே வேர் எட்டிப் பார்த்ததும் பெட்டிக்கு மாற்றலாம்.

கரைசல்

கடையில் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து விற்கும் உர பாட்டில்கள் முதல் பெட்டிக்குச் சரி. தொடர்ந்து செய்வதென்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரம் விற்கும் கடையில் ஒவ்வொரு கிலோ பொட்டலமாக வாங்கி நாமே கலப்பது பல மடங்கு மலிவு. கீரைகளுக்கு 100 லிட்டர் கரைசலுக்கான கணக்கு இது. முதல் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், கால்சியம் நைட்ரேட் 65 கிராம், 12 சதவீத இரும்பு ஈடிடிஏ (படியாமல் கரைந்து நிற்கும் இரும்பு உரம்) 2 கிராம். இரண்டாவது பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், பொட்டாசியம் நைட்ரேட் என்கிற 13:0:45 உரம் 35 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்கிற 0:52:34 உரம் 15 கிராம், மெக்னீசியம் சல்பேட் 35 கிராம், ஹைட்ரோபோனிக்ஸுக்கென்று விற்கும் நுண்ணூட்டக் கலவை அதன் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி. நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும், சமையல்கட்டுத் தராசு இரும்பு விஷயத்தில் ஏமாற்றும்.

லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மி.லி. ஊற்றினால் ஈசி சுமார் 1.4, அதாவது 700 பிபிஎம். பாலக், புதினாவுக்கு அது சரி. லெட்டூஸுக்கு 7 மி.லி. போதும். நாற்றுக்கு 4. முதல் பாட்டிலை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவது. இரண்டையும் செறிவாக ஒன்று சேர்த்தால் முதல் பாட்டிலின் கால்சியம், இரண்டாவதில் உள்ள சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும். படிந்த சத்து செடிக்குக் கிடைக்காது.

கால்சியம் நைட்ரேட்டில் போரான் சேர்த்தது என்று ஒரு ரகம் விற்கிறது. மண்ணுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மேலே சொன்ன அளவில் போட்டால் லிட்டருக்கு சுமார் 1.5 மி.கி. போரான் ஏறிவிடும். தேவையோ அரை மி.கி.க்கும் குறைவு. சாதாரண ரகமும் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டே நாளில் கசிந்து கஞ்சியாகிவிடும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாகக் கலந்த 19:19:19 உரம் போதாதா என்று கேட்கிறவர்கள் நிறைய. அதில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், பெட்டிக்குள் அந்த வேலைக்கு ஆள் இல்லை. யூரியா மின்சாரம் கடத்தாது, மீட்டருக்குத் தெரியவும் தெரியாது. 19:19:19ல் கால்சியமும் கிடையாது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் ஊற்றினால் இன்னும் மோசம். அழுகுகிற பொருள் கரைசலில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மூன்றாம் நாள் வாடையில் மூடியைத் திறக்க முடியாது. அவை மண்ணுக்கானவை.

பிஹெச், அதாவது கரைசலின் அமில-கார அளவு, 5.5க்கும் 6.5க்கும் நடுவே இருக்க வேண்டும். மீன் தொட்டிக் கடையின் சொட்டு மருந்து கிட் பெரும்பாலும் 6க்குக் கீழே காட்டாது, எல்லாம் ஒரே மஞ்சள்தான். பேனா மீட்டர் வாங்கினால் கூடவே பஃபர் பொடியும் (பிஹெச் தெரிந்த கரைசல் தயாரிக்க) வாங்கி மாதம் ஒரு முறை சரிபாருங்கள், சரிபார்க்காத பேனா சொல்வது ஜோசியம். குறைப்பதற்கு எலுமிச்சையும் சிட்ரிக் அமிலமும் இரண்டு நாள்தான் தாங்கும். நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டதும் பிஹெச் பழையபடி ஏறும். பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு, 900 மி.லி. தண்ணீரில் 100 மி.லி. அமிலத்தை மெல்ல விட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அந்த நீர்த்த அமிலத்தில் ஒரு மி.லி. விட்டு, கலக்கி, அளந்து, அப்புறம் அடுத்தது. எப்போதும் உரம் கரைத்த பிறகுதான் பிஹெச், உரமே அதைக் கொஞ்சம் இறக்கும்.

சூடு

நம் ஊரில் மண்ணில்லா விவசாயம் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5. குறைவு கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அதே பத்து டிகிரி ஏற்றத்தில் வேரின் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அந்தப் பலவீனத்துக்காகவே காத்திருக்கும் பித்தியம் என்ற வேரழுகல் நோய்.

மூடியைத் தூக்கி வேரை நெருங்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளை அல்லது வெண்ணெய் நிறம், வாடை இருக்காது. நார்க்கழிவின் சாயம் இறங்கி டீ நிறத்தில் இருந்தாலும் தொட்டால் விறைப்பாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அழுகிய வேர் வழுவழுப்பாக இருக்கும், சாக்கடை வாடை வரும். ஒரு வேரை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே மயிரிழை போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்த நரம்பைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், பித்தியம்தான். பெட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே மத்தியானம் செடி துவள்வது இதன் வெளி அடையாளம். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் செடியைப் பிடுங்கிவிடுவது நல்லது. கொஞ்சம்தான் என்றால் கெட்டதைக் கத்தரித்து, வேரை அலசி, புதுக் கரைசலைப் பாதிச் செறிவில் ஊற்றி, சூட்டைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். சூடு குறையாமல் மருந்து ஊற்றிப் பயனில்லை.

பெட்டியை மாடித் தரையில் நேராக வைக்காதீர்கள், இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். காலை 10 மணி வரை வெயில், பிறகு நிழல் என்கிற கிழக்குப் பக்கம் உத்தமம். இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை, செடிக்கு நாலடி உயரத்தில். தலையில் இடிக்கிற மாதிரி தாழ்வாகக் கட்டினால் சூடு அடியிலேயே தங்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் உறையவைத்த ஐஸை 20 லிட்டர் பெட்டியில் போட்டால் நாலைந்து டிகிரி இறங்கும். காலை 11 மணிக்குப் போடுங்கள், காலையிலேயே போட்டால் உச்சி வெயிலுக்குள் தீர்ந்துவிடும். மே மாதத்தில் இதைத் தினமும் செய்ய முடியாது என்பதும் உண்மை. மீன் தொட்டி ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் வைக்கலாம், ஆனால் 35 டிகிரிக் காற்றையே அது உள்ளே ஊதும்.

அதனால் பருவத்தை மதிப்பதுதான் மலிவான வழி. லெட்டூஸ் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச் பிறந்தால் அது தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும், இலை கசக்கும். கோடையில் கொடிப்பசலை, கங்குங் என்கிற வள்ளல் கீரை, திருநீற்றுப்பச்சிலை போடுங்கள். வள்ளல் கீரைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கொண்டாட்டம்.

இலை சொல்வது

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு கிடைக்கவில்லை. இரும்பை அள்ளிப் போடும் முன் பிஹெச்சைப் பாருங்கள். 7 பக்கம் போயிருந்தால் ஈடிடிஏ இரும்பு செடிக்குக் கிடைப்பது குறைந்துவிடும், பிஹெச்சை இறக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும். அதே மஞ்சள் அடி இலையில் என்றால் மெக்னீசியம். லெட்டூஸின் நடுக்குருத்து நுனி கருகினால் எல்லோரும் கால்சியம் சேர்ப்பார்கள். பெரும்பாலும் கரைசலில் கால்சியம் இருக்கும், குருத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இலை நீரை ஆவியாக்கினால்தான் கால்சியம் மேலே ஏறும். புழுக்கமான மூலையில் காற்று அசையாமல் நிற்கும் பெட்டிக்கு ஒரு சின்ன ஃபேன் கால்சியத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

வாரம் ஒரு முறை மட்டத்தையும் டிடிஎஸ்ஸையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மட்டம் இறங்கி டிடிஎஸ் ஏறினால் செடி தண்ணீரை மட்டும் குடிக்கிறது. வெறும் தண்ணீர் விடுங்கள், அடுத்த முறை உரத்தைக் குறையுங்கள். கோடையில் இதுதான் வழக்கம். இரண்டும் இறங்கினால் செடிக்குப் பசி.

அசுவினியும் மாவுப்பூச்சியும் மண் இல்லை என்பதற்காக வராமல் இருக்காது. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புத் திரவம், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். நெட் பாட்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், எண்ணெய் கரைசலில் விழக் கூடாது.

அறுவடை முடிந்ததும் மிச்சக் கரைசலை அடுத்த பயிருக்கு வைக்க வேண்டாம், எந்த உப்பு எவ்வளவு மிச்சம் என்பதை இந்த மீட்டர் பிரித்துச் சொல்லாது. இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தொட்டிச் செம்பருத்திக்கு ஊற்றுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் வேர்த்துணுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, வாடை போக அலசி, ஒரு நாள் முழு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பாலிதீன் விரிப்பில் ஊசித்துளை இருக்கிறதா என்று வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும் அதுதான் நேரம்.